கரை மண்ணின் வலிமை

(கூத்தாநல்லூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாய்க்காற்கரை ஒன்று உடைந்துவிட்டால், அதற்கு நாம் கூறும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. வெள்ளம் மிகுதியாக வந்தது என்போம். கரை தாழ்ந்து கிடந்தது என்போம். எலியும் நண்டும் வளை தோண்டிவிட்டன என்போம். மூன்றும் உண்மைதான். ஆனால் ஒரே வாய்க்காலில், ஒரே உயரமும் ஒரே அகலமும் உள்ள இரண்டு இடங்களில், ஒரே இரவில் வந்த வெள்ளத்துக்கு ஓரிடம் நிற்கின்றது, மற்றோரிடம் போய்விடுகின்றது. எலி இரண்டிடத்திலும்தான் இருந்தது. இவ்வேறுபாட்டுக்கு நான்காவது காரணம் ஒன்று உண்டு. அது கரையில் போட்ட மண்ணின் கலவை. அம்மண்ணில் பருமணி எத்தனை பங்கு, குறுமணி எத்தனை பங்கு, மாவினும் நுண்ணிய துகள் எத்தனை பங்கு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

கரை வேலைக்கு மதிப்பீடு வரும்போது, எத்தனை கன மீட்டர் மண் என்று கேட்கின்றோம். எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றது, வண்டிக்கு என்ன வாடகை என்றும் கேட்கின்றோம். என்ன மண் என்று கேட்பவரைக் காண்பது அரிது. விதைநெல் வாங்கும்போது மூட்டைக் கணக்கோடு நிற்பவர் எவரும் இல்லை. ரகம் என்ன, முளைப்பு எப்படி என்று பத்துக் கேள்வி கேட்டபிறகே காசை எடுக்கின்றோம். கரை மண்ணுக்கும் அத்தகைய கேள்விகள் உண்டு.

மண்ணின் இனங்களை முதலில் பார்ப்போம். இந்தியத் தர நிர்ணயம் 1970-ஆம் ஆண்டில் வகுத்தபடி, சரளைக்குக் கீழ்ப்பட்ட துகள்கள் மூன்று வகுப்பாகும். 4.75 மில்லிமீட்டர் முதல் 0.075 மில்லிமீட்டர் வரை உள்ளது மணல். இதன் கீழெல்லை ஏறக்குறைய நம் தலைமயிரின் பருமன். அதற்கும் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை உள்ளது வண்டல். விரலால் தேய்த்தால் மாவுபோல் வழவழப்பாக இருக்கும்; உலர்ந்தால் ஊதிய மாத்திரத்தில் பறக்கும். அதனினும் நுண்ணியது களி. களித்துகள் உருண்டையான மணியன்று, மெல்லிய தகடு. நீரைத் தன்னைச் சுற்றிப் பிடித்துவைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும் இயல்பு அதற்கு உண்டு. நாம் பேச்சுவழக்கில் ஆற்றுநீர் கொண்டுவந்து படியவைத்த எல்லாவற்றையும் வண்டல் என்கின்றோம். இவ்வுரையில் அச்சொல்லை இந்த நடுத்தரத் துகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

இம்மூன்றும் சேரும்போது என்ன நிகழ்கின்றது என்பதை மரக்கால் ஒன்றைக் கொண்டே அறியலாம். ஒரு மரக்கால் நிறைய நெல்லிக்காயைக் கொட்டுங்கள். காய்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இன்னொரு மரக்கால் நிறைய மிளகைக் கொட்டுங்கள். அங்கும் இடைவெளி இருக்கும். எந்த மரக்காலில் இடைவெளி அதிகம் என்று கேட்டால் நெல்லிக்காயில் என்றே பலரும் கூறுவர். உண்மை அதுவன்று. ஒவ்வோர் இடைவெளியும் நெல்லிக்காயில் பெரிது. ஆனால் எண்ணிக்கை குறைவு. மிளகில் ஒவ்வொன்றும் சிறிது. ஆனால் எண்ணிக்கை மிகுதி. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே அளவான உருண்டைகளை எண்ணெய்க்குடம் அடுக்குவதுபோல் நேருக்கு நேராக அடுக்கினால் நூற்றுக்கு 48 பங்கு வெற்றிடம். பழக்கடையில் ஆரஞ்சுப் பழத்தைக் குவிப்பதுபோல் ஒன்றின் பள்ளத்தில் ஒன்றை வைத்து மிக நெருக்கமாக அடுக்கினாலும் 26 பங்கு வெற்றிடம். அளவு ஒன்றாக இருக்கும்வரை இதற்குக் கீழே போக வழியில்லை.

இப்போது நெல்லிக்காய் மரக்காலில் மிளகைக் கொட்டிக் குலுக்குங்கள். மரக்கால் வழியாது, மிளகு இடைவெளிகளுள் இறங்கிவிடும். பிறகு கடுகைக் கொட்டுங்கள், அதுவும் இறங்கும். மரக்காலின் கொள்ளளவு மாறவில்லை, எடை ஏறிவிட்டது. வெற்றிடம் குறைந்தது; ஒரு மணி மற்றொரு மணியைத் தொடும் இடங்கள் பலவாகப் பெருகின. நம் கொத்தனார்கள் சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று போடுவதும் இக்கணக்கே. அமெரிக்காவில் புல்லர், தாம்சன் என்ற இருவர் 1907-ஆம் ஆண்டில், கான்கிரீட்டுக்கு எந்த அளவு மணி எத்தனை பங்கு இருந்தால் நெருக்கம் மிகும் என்பதற்கு ஒரு வாய்பாடே எழுதினர். சாலை போடுவோர் அதன் வழியை இன்றும் பின்பற்றுகின்றனர்.

நெருக்கத்துக்கும் வலிமைக்கும் என்ன தொடர்பு? மணலின் வலிமை உராய்வினால் வருவது. மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சறுக்க வேண்டியிருப்பதால்தான் மணற்குவியல் நிற்கின்றது. உலர்ந்த மணலைத் தளர்வாகக் கொட்டினால் ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் நிற்கும். பல அளவு மணிகள் கலந்து நன்கு இறுகிய மணலில் அவ்வுராய்வு 40 பாகைக்கு ஈடாகவும் ஏறக்கூடும். களியின் வலிமையோ பெரும்பாலும் ஒட்டினால் வருவது. ஈரம் அளவாக இருக்கும்வரை ஒட்டு இருக்கும். ஈரம் மிகுந்தால் சேறாகும். ஈரம் போனால் சுருங்கி வெடிக்கும். வண்டலுக்கு மணலைப் போன்ற உராய்வும் போதாது. களியைப் போன்ற ஒட்டும் இல்லை. நீரைச் சட்டென்று வடியவிடாது, தடுத்தும் நிறுத்தாது. பயிருக்கு மிகவும் உகந்த வண்டல் தனித்து நின்றால் கரைக்கு ஆகாத மண் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மணலில் நுண்துகளைச் சேர்த்துக்கொண்டே போனால் வலிமை ஏறிக்கொண்டே போகுமா என்றால், இல்லை. ஓரெல்லை வரையில் நுண்துகள் மணலின் இடைவெளிகளில் அடங்கும். சுமையை மணலே தாங்கும். கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்வரை சென்றால் இடைவெளி நிறைந்துவிடும். அதற்கு மேலும் சேர்த்தால் மணல்மணிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகிவிடும். அடைமாவில் கிடக்கும் பருப்பைப்போல் நுண்துகளில் மிதக்கும். அப்போது அம்மண் பெயரளவில் மணல் கலந்த மண்ணாயினும் குணத்தில் நுண்மண்ணே. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் தேவநாயகம் என்னும் தமிழ்ப்பெயர் கொண்ட பேராசிரியர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதைப் பற்றியதே. மண்ணின் மொத்த வெற்றிடத்தைப் பார்த்தால் போதாது, சுமைதாங்கும் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையே பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. வண்டல் கலந்த மணல் எடையில் கனத்துக் காணப்படலாம். ஆயினும் அந்த வண்டல் சுமையைத் தாங்காமல் இடைவெளியில் வெறுமனே கிடக்கலாம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் மேலும் பிரிந்து கோரையாற்றையும் பாமணியாற்றையும் விட்டு நம் பக்கம் வருகின்றது. ஆறு செய்யும் வேலைகளில் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அது மண்ணைச் சலிக்கின்றது. கரை வழிந்து வெள்ளம் வெளியே வரும்போது வேகம் முதலில் குறைவது ஆற்றோரத்தில். ஆகவே கனமான மணல் அங்கேயே விழுந்துவிடும், அதுதான் படுகை. வண்டல் இன்னும் சற்றுத் தொலைவு செல்லும். களியோ நாட்கணக்கில் மிதந்து சென்று, தாழ்ந்த வயல்களில் நீர் அசையாமல் நிற்குமிடத்தில் படியும். பழைய டெல்டாவில் மண்ணாய்வாளர் களத்தூர் மண், படுகை மண் என்று வெவ்வேறு பெயரிட்டு வரைபடத்தில் காட்டியிருப்பவை இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாகச் சலித்து வைத்தவையே. வயலுக்கு இது நன்மை. சம்பா நிற்கும் வயலில் நீர் கீழே இறங்காமலிருப்பது களியால். ஆனால் கரை போடுகின்றவனுக்கு இதுவே சங்கடம். கலந்திருந்தால் வலிமையாக இருக்கக்கூடிய மூன்றையும் ஆறு தனித்தனியே பிரித்து வைத்துவிட்டது. அருகில் எது கிடைக்கின்றதோ அதை வெட்டிப் போட்டால், முழு மணலோ முழுக் களியோதான் கைக்கு வரும்.

ஆறு செய்யும் இதே பிரிவினையை மனிதன் தானே செய்து, அதன் விளைவையும் கண்ட இடங்கள் உண்டு. அவை சுரங்கங்கள். தாதுக்கல்லை மாவாக இடித்து, வேண்டிய உலோகத்தை எடுத்துக்கொண்டபின் எஞ்சும் பொடியை நீரோடு கலந்து வெளியேற்றுகின்றனர். அக்கழிவு மலைபோல் குவிகின்றது. அல்லது அணைகட்டித் தேக்கப்படுகின்றது. மண்ணின் கலவையைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் கணிசமான பகுதி இக்கழிவு அணைகள் உடைந்து கற்பித்ததாகும்.

இவ்வூரிலிருந்து மலாயாவுக்கு வாணிகத்தின் பொருட்டுச் சென்ற குடும்பங்கள் பல. ஈப்போ நகரைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களை உங்களுள் முதியவர்கள் நேரிலோ செவிவழியாகவோ அறிந்திருக்கலாம். அங்கே ஈயமணலைப் பீச்சுநீரால் கரைத்து, பாலோங் என்னும் நீண்ட மரத் தொட்டியின் வழியே ஓடவிடுவர். ஈயம் கனமானதால் தொட்டியில் தங்கும். வெளியேறும் கழிவில் மணல் அருகிலேயே விழுந்து வெண்மணல் மேடாகும். களிச்சேறு தாழ்ந்த குட்டைக்குப் போய்ச் சேரும். நம் படுகையும் வயலும் பிரிந்தது போலத்தான். பின்னாளில் அந்நிலங்களில் வீடு கட்டப் புகுந்தபோது, மணல்மேடு ஒருவாறு தாங்கிற்று. சேற்றுக்குட்டை இருந்த இடமோ பல ஆண்டுகள் கழிந்தும் மேலே காய்ந்து, உள்ளே குழைந்து கிடந்தது. அதைக் கெட்டிப்படுத்தாமல் எதுவும் கட்ட இயலவில்லை.

கோலார் தங்கவயலையும் எண்ணிப் பாருங்கள். தமிழர் ஆயிரக்கணக்கில் உழைத்த இடம். 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. இடித்துப் பொடித்த கல்லின் மாவு குன்றுகளாக நிற்கின்றது. சயனைடு மேடு என்பர். கல்லைப் பொடியாக அரைத்ததால் அங்கே பருமணியும் இல்லை. அரைத்த கல்லாதலால் ஒட்டும் களியும் அரிது. ஆகவே காற்று வீசினால் பறக்கின்றது. மழை பெய்தால் வாரியாக அறுத்துக்கொண்டு இறங்குகின்றது.

இவற்றைவிடக் கொடிய பாடம் பிரேசில் நாட்டில் கிடைத்தது. அங்கு மரியானா நகருக்கு அருகே ஃபுண்டாவ் என்ற இரும்புத்தாதுக் கழிவணை இருந்தது. மணற்கழிவைக் கொண்டு அணையை உயர்த்துவது, சேற்றுக்கழிவை அணையிலிருந்து தொலைவில் நிறுத்துவது என்பது ஏற்பாடு. மணலில் நீர் வடியும். ஆகவே அணை உலர்ந்திருக்கும். அணையின் முகட்டுக்கும் சேற்றுநீருக்கும் நடுவே 200 மீட்டர் மணற்பரப்பு இருக்க வேண்டும் என்று விதித்திருந்தனர். நாளடைவில் அவ்விதி தளர்ந்தது. மணல் இருக்க வேண்டிய இடத்தில் சேறு வந்து படிந்தது. பிறகு ஒரு பக்கத்தில் அணையின் வரிசையையே உள்ளே தள்ளி, அந்தச் சேற்றின்மேல் மணலை ஏற்றினர். மேலே பாரம் ஏற ஏற, அடியிலிருந்த சேறு பக்கவாட்டில் பிதுங்கிற்று. அதன் மேலிருந்த மணல் அதனால் நெகிழ்ந்தது. 2015 நவம்பர் 5-ஆம் தேதி அம்மணல் ஒரே கணத்தில் குழம்பாகி ஓடியது. 19 பேர் மாண்டனர். சேறு ஆற்றோடு 600 கிலோமீட்டருக்கு மேல் சென்று அட்லாண்டிக் கடலில் கலந்தது. அடுத்த ஆண்டில் வெளியான நிபுணர் குழுவின் அறிக்கை இக்காரணத்தை விரிவாக எடுத்துரைக்கின்றது. அதே மாநிலத்தில் புருமாடின்யோ என்னுமிடத்தில் 2019 ஜனவரி 25-ஆம் தேதி இன்னொரு கழிவணை உடைந்து 270 பேர் இறந்தனர். அவ்வணையில் சில ஆண்டுகளாகவே புதிய கழிவு கொட்டப்படவில்லை. அணையின் மேல் புல் பச்சையாக வளர்ந்திருந்தது. பார்வைக்குத் திடமான கரை.

திடமாகத் தோன்றிய மண் கணத்தில் குழம்பாவது எங்ஙனம்? மணிகள் தளர்வாக, ஒன்றையொன்று நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு அடுக்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி முழுதும் நீர். ஏதோ ஒரு காரணத்தால் அடுக்கு குலைந்தால் மணிகள் நெருங்கி உட்காரப் பார்க்கும். நெருங்க வேண்டுமானால் நடுவிலுள்ள நீர் வெளியேற வேண்டும். பருமணலாயின் நீர் சட்டென்று போய்விடும். குறுமணலும் வண்டலும் கலந்ததாயின் அவ்வளவு விரைவில் போக முடியாது. அந்நேரத்தில் மேலுள்ள பாரம் மணிகளை விட்டு நீரின்மேல் ஏறுகின்றது. நீருக்குச் சறுக்கலைத் தடுக்கும் ஆற்றல் ஏது? மண் ஓடிவிடுகின்றது. ஆஸ்திரியரான கார்ல் டெர்சாகி 1925-ஆம் ஆண்டில் எழுதிய நூலால் மண் இயக்கவியல் ஒரு தனிச் சாஸ்திரமாயிற்று. மண்ணின் வலிமை அதன் மேலுள்ள முழுப்பாரத்தைப் பொறுத்ததன்று. நீர் தாங்கும் பங்கைக் கழித்தபின் மணிகள் தாங்கும் பங்கைப் பொறுத்தது என்பது அவர் வகுத்த அடிப்படை விதி.

நம் கரைகள் அவ்வளவு உயரமானவை அல்ல. ஆயினும் இரண்டு வாய்க்காற்கரைகளில் இந்தப் பாடம் அப்படியே பொருந்துகின்றது. முதலாவது, தூர்வாரிய சேற்றால் ஆன கரை. பொக்லைன் இயந்திரம் வாய்க்காலின் அடியிலிருந்து சொதசொதவென்ற சேற்றை அள்ளி இருபுறமும் வைக்கின்றது. வாய்க்கால் ஆழமாயிற்று, கரையும் உயர்ந்தது என்று மகிழ்கின்றோம். அச்சேறு எது? ஓட்டம் மெலிந்தபோது படிந்த வண்டல், அழுகிய ஆகாயத்தாமரை, கொஞ்சம் களி. அதை எவரும் பரப்பவில்லை, இடிக்கவில்லை. மண்வெட்டியாலோ இயந்திரத்தாலோ வெட்டிய கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கட்டிக்குள்ளே மண் கெட்டிதான். ஆனால் கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. வெயிலில் மேற்புறம் பொரிந்து உறுதியாகக் காணப்படும். சித்திரை முடிவதற்குள் சுருங்கி வெடிக்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதன்பின் வரும் நீர் முதலில் நுழைவது இவ்வெடிப்புகளில்தான். இதைக் கரை என்று சொல்வதைவிட, கரை போடுவதற்காகக் குவித்து வைத்த மண் என்று சொல்வதே பொருந்தும்.

இரண்டாவது, படுகை மணலால் மட்டும் போட்ட கரை. இது வெடிக்காது, ஆனால் கசியும். நீர்ப்பக்கத்திலிருந்து வயற்பக்கத்துக்கு மணலின் ஊடே நீர் நடந்துவந்து அடிவாரத்தில் ஊற்றாக எழும். ஊற்று தெளிவாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அது கலங்கினால், நீரோடு குறுமணியும் வருகின்றது என்று பொருள். உள்ளே எலிவளை போன்ற ஒரு வழி அடிவாரத்திலிருந்து ஆற்றை நோக்கிப் பின்னோக்கி வளர்ந்துகொண்டிருக்கின்றது. அது ஆற்றைத் தொட்ட மாத்திரத்தில் கரை உட்காரும். மேலே நின்று பார்ப்பவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

சிலர் ஒரு வண்டி மணலும் ஒரு வண்டிக் களியும் மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டு, கலந்தாயிற்று என்பர். அது கலவை ஆகாது, அடுக்கு. நீர் மணல் அடுக்கைத் தேடிச்சென்று அதன் வழியே போகும். ஃபுண்டாவில் நேர்ந்ததும் அடுக்கினால் வந்த கேடு என்பதை மறவாதீர்கள்.

கரைக்கு ஏற்ற கலவை எது? சிறு கரைகளுக்கு, பெரும்பகுதி பல அளவான மணலும், நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு களியும், மீதி வண்டலுமாக இருத்தல் நன்று என்பது பொதுவான அனுபவக் கணக்கு. மணல் சுமையைத் தாங்கும். களி இடைவெளியை நிரப்பி நீரைத் தடுக்கும். களி மிகுதியாக இல்லாததால் வெடிப்பும் குறையும். பழைய மண்சுவர் வீடுகள் பல தலைமுறை நின்றது இதனால்தான். சுவர் வைத்தவர்கள் களியில் மணலைச் சேர்த்துக் குழைத்து, புளிக்கவைத்து, மிதித்துத்தான் வைத்தார்கள். வீட்டுச் சுவருக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது ஊர்க்கரைக்குக் காட்டலாம் என்பது என் விண்ணப்பம்.

உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்பதை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் பொடித்துப் போட்டு, கல்லையும் வேரையும் நீக்கி, மீதியை நீரால் நிரப்புங்கள். ஒரு சிட்டிகை சலவைச் சோடா சேர்த்தால் களிக்கட்டிகள் நன்றாகப் பிரியும். ஐந்து நிமிடம் விடாமல் குலுக்கி மேசைமேல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் விழுவது மணல். அங்கே ஒரு கோடு போடுங்கள். அடுத்த சில மணி நேரத்தில் படிவது பெரும்பாலும் வண்டல். களி மறுநாளும் கலங்கலாக நிற்கும். தெளிந்தபின் மூன்று அடுக்கையும் அளவுகோலால் அளந்து கொள்ளலாம். களி நீரைக் குடித்துப் பருத்திருக்குமாதலால் இதில் உண்மையைவிடச் சற்று மிகுதியாகக் காட்டும். பெரிய வேலையாயின் பொறியியற் கல்லூரியிலோ துறையின் ஆய்வுக்கூடத்திலோ சல்லடையிட்டுக் கணக்கெடுத்தலே முறை. ஊர் வாய்க்காலுக்குப் புட்டி போதும்.

கணக்கு எளிது. வயற்களியில் நூற்றுக்கு 50 பங்கு களி இருக்கின்றது, படுகை மண்ணில் 5 பங்கு இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூடை வயல்மண்ணுக்கு இரண்டு கூடை படுகை மண் சேர்த்தால், மூன்று கூடைக்கும் சேர்ந்து சராசரி 20 பங்கு. ஒன்றுக்கு ஒன்று சேர்த்தால் ஏறக்குறைய 27 பங்கு. இதற்குமேல் கலப்பதற்கு வேறு உபாயம் வேண்டியதில்லை. வெட்டிய களியை உலரவிட்டு உடைத்து, மணலோடு தரையில் பரப்பி, டிராக்டர் கலப்பையை இரண்டு முறை ஓட்டினால் கலந்துவிடும். களியைச் சேறாக இருக்கும்போது மணலோடு கலக்க முயல்வது வீண்வேலை. மண் எடுக்கும் இடத்துக்கு அனுமதி பெறுதல் அவசியம் என்பதையும், ஆற்றின் பெருங்கரை நீர்வளத் துறையின் பொறுப்பு, அதில் நாமாகக் கைவைக்கலாகாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். நான் கூறுவது ஊர் வாய்க்கால், வடிகால், குளம், வயல்சூழ் கரை இவற்றைப் பற்றியே.

கலவை சரியாக இருந்தாலும் இடிக்காவிட்டால் பயனில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பொறியாளர் பிராக்டர் 1933-ஆம் ஆண்டில் காட்டியது யாதெனில், ஒவ்வொரு மண்ணுக்கும் மிக நெருக்கமாக இறுகும் ஈரப்பதம் ஒன்று உண்டு. அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் அதே அளவு இடித்தும் அந்த நெருக்கம் வராது. அப்பதத்தைக் கையாலேயே காணலாம். ஒரு பிடி மண்ணை அழுத்திப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும். உள்ளங்கை நனையக் கூடாது. உருண்டையை இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். சில துண்டுகளாக உடைந்தால் பதம் சரி. தூளாய்ச் சிதறினால் நீர் போதாது. அப்பமாய்த் தட்டையானால் நீர் மிகுதி. ஒரு நாள் காயவிடுங்கள். பதம் வந்தபின் 15 சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து, அதன்பின்னரே அடுத்த அடுக்கு. பழைய கரையை உயர்த்துவதாயின் அதன் புல்லைச் சீவி, சரிவைப் படிப்படியாக வெட்டி, நீர் தெளித்துக் கொத்திவிட்டுப் புதுமண்ணைச் சேர்க்க வேண்டும். வெட்டாமல் போர்த்திய மண், போர்வைபோல் சறுக்கிவிடும்.

கடலை நெருங்கிய கடைமடைப் பகுதிகளில் இன்னொரு சோதனையும் வேண்டும். உலர்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் நிறைந்த குவளையில் மெல்ல இடுங்கள். கட்டி இடிந்து விழுந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் புகைபோலக் கலங்கல் பரவினால், அது உவர் ஏறிய களி. ஒட்டாமல் நீரில் தானே கரைந்துபோகும் இனம். எவ்வளவு நல்ல கலவையாயினும் அத்தகைய களியைக் கரைக்கு உபயோகிக்கலாகாது.

வெள்ள இரவில் செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். ஏனெனில் இதில் பலரும் நேர்மாறாகச் செய்கின்றனர். வயற்பக்கம் அடிவாரத்தில் ஊற்று எழுந்து கலங்கலாகக் கொப்புளித்தால், உடனே களிமண்ணைக் கொண்டுபோய் அதன் வாயை அடைக்கின்றோம். நீர் அங்கே நின்று, உள்ளே அழுத்தம் ஏறி, இரண்டு கெஜம் தள்ளி இன்னும் பெரிதாக வெடிக்கும். அடைக்கக் கூடாது, வடிய விட வேண்டும், மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சிறுசல்லி, அதன்மேல் பெருஞ்சல்லி என்று போட்டால் நீர் போகும், மண் தங்கும். ஒவ்வோர் அடுக்கின் சிறுமணியும், அதற்கு அடியிலுள்ள மண்ணின் பெருமணியைப்போல் நாலைந்து மடங்குக்கு மேற்படாமலிருத்தல் வேண்டும் என்பது டெர்சாகி வகுத்த விதி. மடங்கு மிகுந்தால் ஓட்டை பெரிதாகி மண் நழுவிவிடும். சல்லி கிடைக்காவிட்டால் ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நீர் உள்ளே ஓரளவு உயர்ந்து தெளிவாக வழியும்படி விடுங்கள். களிமண்ணுக்கு உரிய இடம் நீர்ப்பக்கம். அங்கே நுழைவாயில் கண்ணுக்குத் தெரிந்தால் தார்ப்பாயும் களியும் கொண்டு மூடலாம். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே பஞ்சாயத்தின் கிடங்கில் வெறும் சாக்குகளோடு, மூன்று அளவுச் சல்லியும் பருமணலும் தனித்தனிக் குவியலாக இருக்கட்டும். நள்ளிரவில் தேடினால் கிடைப்பது வயற்களி ஒன்றுதான்.

உங்கள் ஊர் வாய்க்காற்கரையிலிருந்து மண் கொண்டுவந்திருப்பவர்கள் புட்டியோடு முன்னே வாருங்கள். தண்ணீரும் சலவைச் சோடாவும் இங்கே வைத்திருக்கின்றோம். இப்போது குலுக்கி வைத்தால் பகல் உணவுக்குப்பின் மணற்கோட்டையும் வண்டற்கோட்டையும் பார்த்துவிடலாம். களிக்கோட்டை நாளைக் காலையில் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.